வயரைக் கழற்றியவர் பிழைத்தார்

*இணைத்து வைத்த கணினிகளுக்குள் கோப்புகள் நொடியில் கை மாறுகின்றன. அழிவும் அதே வழியில்தான் வருகிறது. கொழும்பில் அரசாங்கத்தின் மூன்று மாதத்துக்கும் மேலான கடிதங்கள் போன கதை, கானாவில் ஒரு மின்வெட்டு காப்பாற்றிய கப்பல் நிறுவனம், நம்மூர்க் கடைகளின் ‘பேக்கப்’ பற்றிய சிறப்புக் கட்டுரை.*

ஒக்டோபர் மாதத்துப் பின்னேரம். படுவான்கரைப் பக்கம் வானம் கறுத்து, மட்டக்களப்பு வாவிக்கு மேலே முதல் இடி உருண்டதும் பெரியகல்லாறு பிரதான வீதியில் கடைக்குக் கடை ஒரே வேலை நடக்கும்: பிளக்கைப் பிடுங்குவார்கள். டிவி, ஃபிரிட்ஜ், ரூட்டர், கடைசியாகக் கணினி. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம். மின்னல் கம்பி வழியாகவே உள்ளே வந்து, ரூட்டரையும் அதோடு தொடுத்திருக்கும் எல்லாவற்றையும் கருக்கிவிட்டுப் போகும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வீதியோரத்து ஸ்டூடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன் மேசையில் ஒரு கணினி, உள்ளே அல்பம் செய்ய இன்னொன்று, மூலையில் கல்யாண வீடியோ வெட்ட மூன்றாவது. நீல வயர் ஒன்று மூன்றையும் இணைக்கிறது. படங்கள் எல்லாம் ‘ஷேர்’ பண்ணிய ஒரே ஃபோல்டரில். “பேக்கப் இருக்கா?” என்று கேட்டால் அநேகமாக எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: “ஓம், மற்ற கொம்பியூட்டர்லயும் கிடக்கு.”

கிடக்கிறதுதான். ஆனால் அந்த ‘மற்ற’ கணினியும் அதே கூரைக்குக் கீழே, அதே வயரில், அதே பாஸ்வேர்டில் கிடக்கிறது. இடி முழங்கினால் கழற்ற வேண்டும் என்று கைக்குத் தெரிந்த அந்த வயரை, வெயில் நாட்களில் ஒருவரும் கழற்றுவதில்லை. கொழும்பிலும் கழற்றவில்லை.

கொழும்பில் ஒரு சனிக்கிழமை

2023 ஆகஸ்ட் 26. இலங்கை அரசாங்கத்தின் ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ என்ற பொதுக் கணினி அமைப்பை ஒரு பணயத் தீநிரல் தாக்கியது. கோப்புகளை எல்லாம் சங்கேதமாக்கிப் பூட்டிவிட்டு, திறப்பு வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்கிற வகை. ரான்சம்வேர் என்று சொன்னால் பலருக்கும் விளங்கும். இந்த அமைப்பை நடத்தியது இலங்கை தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், சுருக்கமாக இக்டா. அரச அலுவலகங்களின் ‘கவ் டொட் எல்கே’ மின்னஞ்சல்கள் அங்கேதான் குடியிருந்தன.

தாக்குதல் நடந்து 12 மணி நேரத்துக்குள் அமைப்பைத் தூக்கி நிறுத்தினார்கள். நல்ல வேகம்தான். ஆனால் தூக்கி நிறுத்தியபோது உள்ளே ஒரு பள்ளம் இருந்தது. மே 17ஆம் திகதி முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இல்லை. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம்.

பேக்கப் எடுக்கவே இல்லையா என்றால், எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்தப் பேக்கப்பும் வலையமைப்பில் இணைந்தே இருந்தது. மூலத்தைப் பூட்டிய தீநிரல் அதே நடையில் போய்ப் பிரதியையும் பூட்டியது. வலையமைப்புக்கு வெளியே, கை எட்டாத இடத்தில், அந்த மூன்று மாதத்துக்கும் மேலான காலத்துக்கு ஒரு பிரதியும் இருக்கவில்லை. போதாக்குறைக்கு அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை அதே ஆண்டு ஏப்ரலிலேயே மைக்ரோசொஃப்ட் நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாற 2021 முதல் எண்ணமிருந்ததாகவும், பணப் பற்றாக்குறையாலும் பழைய நிர்வாக முடிவுகளாலும் தள்ளிப்போனதாகவும் இக்டா சொன்னது. வலையமைப்பைத் தொடாத நாளாந்தப் பேக்கப் அதன் பிறகுதான் தொடங்கியது.

அரச அலுவலகத்தில் கடிதம் என்றால் இடமாற்றக் கட்டளை, கேள்விப்பத்திரம், நிதி ஒப்புதல், ஓய்வூதியக் கோரிக்கைக்கு வந்த பதில், ‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று தொடங்கும் ஆயிரம் சங்கதிகள். பிரதேச செயலக வரிசையில் நிற்கும் ஒருவரிடம் “அந்த மெயில் எங்களிட்ட இப்ப இல்ல, திரும்ப அனுப்பச் சொல்லுங்க” என்று சொன்னால், அவருக்கு அது இன்னுமொரு பஸ் பயணம், இன்னுமொரு நாள் கூலி. வந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கோவையில் குத்தி வைக்கும் எழுதுவினைஞர்களை நாம் எல்லோரும் ஒரு காலத்தில் கேலி செய்தோம். அந்தக் காலப்பகுதிக்குச் சாட்சி அவர்களுடைய கோவைகளில்தான் மிஞ்சியிருக்கும்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2021 ஜூலையில், தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையின் தரவுகள் அழிந்துபோய், விடயம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை போனது. மருந்துப் பதிவுகள் அவை. ஒரு முறை சுட்டும் கை அடுப்பை விட்டு விலகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரதி வேறு, பேக்கப் வேறு

வலையமைப்பில் கோப்புகளைக் கை மாற்றுவது இன்று இவ்வளவு சுலபமாக இருப்பதற்கு அவுஸ்திரேலியாவின் கன்பராவில் படித்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவருக்கும் பங்குண்டு. விண்டோஸ் கணினிகளும் யுனிக்ஸ் வகைக் கணினிகளும் ஒரே ஃபோல்டரைப் பகிர வழி செய்த ‘சாம்பா’வை 1992இல் வெளியிட்டவர். 1996 ஜூனில் போல் மக்கெராஸுடன் சேர்ந்து ‘ஆர்சிங்க்’ என்ற இலவச மென்பொருளைத் தந்தார். இன்றும் உலகெங்கும் பல பேக்கப் ஏற்பாடுகள் ஏதோ ஒரு வடிவத்தில் அதன் தோளில்தான் நடக்கின்றன.

ஆர்சிங்க் செய்வது இவ்வளவுதான். இரண்டு பக்கத்திலும் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் முதலில் அளவையும் கடைசியாக மாற்றிய நேரத்தையும் பார்க்கும். இரண்டும் ஒத்திருந்தால் தொடாது. ஒக்காவிட்டால், பெறும் பக்கம் தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறிய அடையாள எண்ணைக் கணக்கிட்டு அனுப்பும். அனுப்பும் பக்கம் அவற்றைத் தன் புதிய கோப்போடு ஒப்பிட்டு, இல்லாத பகுதியை மட்டும் அனுப்பும். மெதுவான இணைய இணைப்பில் இது பெரிய ஆறுதல். முதல் பிரதியை ஒரு டிஸ்க்கில் போட்டுக் கையோடு கொண்டுபோய் வைத்துவிட்டால், பிறகு அன்றாடம் புதிதாகச் சேர்ந்தது மட்டும் கம்பியில் போகும்.

இந்தக் கெட்டித்தனத்துக்குள்தான் வில்லங்கமும் இருக்கிறது. “மூலத்தில் இல்லாததை அங்கேயும் அழித்துவிடு” என்று ஆர்சிங்க்கிடம் சொல்ல ஒரு தெரிவு உண்டு. விண்டோஸின் ரோபோகொப்பியிலும் உண்டு. இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதைப் போட்டு, இரவு பன்னிரண்டுக்குத் தானாக ஓட விடுவார்கள். பகலில் ஒருவர் தவறி ஃபோல்டரை அழித்தால், பன்னிரண்டுக்கு அந்தத் தவறும் விசுவாசமாகப் பிரதி எடுக்கப்படும். கோப்பு ரான்சம்வேரால் பூட்டப்பட்டிருந்தால், பூட்டிய கோப்பு நல்ல கோப்பின் மேல் போய் உட்காரும். கூகுள் டிரைவ், வன்டிரைவ் போன்றவை கணினியோடு ஒத்திசைவதும் இதே இயல்புதான். பழைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருப்பதால் ஓரளவு தப்பலாம். நேற்றைய நிலை, போன வாரத்து நிலை, போன மாதத்து நிலை என்று காலத்தைத் தனித்தனியாக வைத்திருப்பதுதான் பேக்கப். இன்றைய நிலையை மட்டும் இரண்டு இடத்தில் வைத்திருந்தால் அது கண்ணாடி.

பேக்கப் எடுக்கும் கட்டளையே கொலையாளி ஆன கதையும் உண்டு. 2021 டிசம்பர் நடுப்பகுதியில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்து மீக்கணினியில், பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்திய பதிப்பால் மாற்றினார்கள். பழைய பதிவுக் கோப்புகளை மட்டும் நீக்க வேண்டிய வரி, ஆய்வாளர்களின் கோப்புகளை நீக்கத் தொடங்கியது. 77 டெராபைட், ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அதில் நான்கு குழுக்களின் இழப்பை மீட்கவே முடியவில்லை. மீக்கணினியை வழங்கிய நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதால் கோப்பு வரவில்லை.

■ பெட்டிச் செய்தி: ஒரு டெராபைட் போக எவ்வளவு நேரம்?

ஒரு கல்யாண சீசனின் வீடியோவும் படமும் ஒரு டெராபைட்டைச் சுலபமாகத் தொடும். கம்பியில் அதை அனுப்ப ஆகும் நேரம், வேகம் சிறிதும் குறையாது என்று வைத்துக்கொண்டால்:
பழைய தொலைபேசிக் கம்பி இணைப்பில் மேலேற்றும் வேகம் 1 மெகாபிட் என்றால், 92 நாட்களுக்கும் மேல்.
10 மெகாபிட் என்றால், 9 நாட்களுக்கும் மேல்.
100 மெகாபிட் என்றால், ஏறத்தாழ 22 மணி நேரம்.
கடைக்குள்ளேயே கிகாபிட் வயர் என்றால், இரண்டேகால் மணி நேரம்.
விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது கீழிறக்கும் வேகம். பேக்கப்புக்கு வேண்டியது மேலேற்றும் வேகம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கானாவில் கரண்ட் போன நேரம்

2017 மே 12ஆம் திகதி ‘வன்னாகிரை’ என்ற தீநிரல் உலகைச் சுற்றியது. விண்டோஸ் கணினிகள் ஃபோல்டரைப் பகிரத் திறந்து வைக்கும் அதே வாசல்தான் அதற்கும் வாசல். பிரிட்டனின் அரச மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன. ஆறு வாரம் கழித்து, ஜூன் 27 அன்று, அதே வாசலைப் பயன்படுத்தி ‘நொட்பெட்யா’ வந்தது. உக்ரைனில் பலரும் பாவித்த ஒரு கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்பில் ஒளிந்து கிளம்பியது அது. அங்கே கிளை வைத்திருந்த டென்மார்க்கின் மேர்ஸ்க் நிறுவனத்துக்குள் நுழைந்தது. உலகக் கொள்கலன் போக்குவரத்தில் முன்னணியில் நிற்கும் நிறுவனம். சில மணி நேரத்தில் துறைமுக வாயில்களில் லொறிகள் வரிசை கட்டின. எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

மேர்ஸ்க்கிடம் பேக்கப் இருந்தது. ஆனால் முழு வலையமைப்பிலும் யார் யாருக்கு எந்த அனுமதி என்ற பதிவேட்டை வைத்திருக்கும் ‘டொமைன் கொன்ட்ரோலர்’ என்ற சேர்வர்களுக்குத் தனிப் பேக்கப் இல்லை. உலகெங்கும் 150 அளவில் அவை இருந்தன, ஒன்றோடொன்று ஓயாமல் ஒத்திசைந்துகொண்டிருந்தன. ஒன்று போனால் மற்றது தரும் என்பது கணக்கு. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று கணக்குப் போட்டவர் இல்லை.

மிஞ்சியது ஒன்று, கானா நாட்டு அலுவலகத்தில். தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்சாரம் தடைப்பட்டு அந்தச் சேர்வர் வலையமைப்பிலிருந்து அறுந்து கிடந்தது. அதன் தரவை இணையத்தில் அனுப்பிப் பார்த்தார்கள். இணைப்பு மெதுவாக இருந்ததால் நாட்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்தது. கையில் கொண்டுபோகலாம் என்றால் கானா ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. கடைசியில் ஒருவர் டிஸ்க்கோடு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவரிடம் கொடுத்து, அவர் லண்டனுக்கு ஏறினார். உலகம் முழுவதும் கப்பல் ஓட்டும் நிறுவனம் தன்னை மீட்டெடுத்தது ஒரு கைப்பையால். 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் திரும்ப நிறுவினார்கள். இழப்பு 25 முதல் 30 கோடி டொலர் என்று நிறுவனமே கணித்தது.

2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்த நமக்கு மின்வெட்டு ஒரு நன்மை செய்தது என்று கேட்க வயிறு எரியும். ஆனால் அந்தச் சேர்வரைக் காப்பாற்றியது யாருடைய திட்டமும் அல்ல. அது இணைப்பில் இல்லாததுதான். அதைத் தற்செயலுக்கு விடாமல் வேண்டுமென்றே செய்வதற்குச் செலவு, ஒரு யூஎஸ்பி டிஸ்க்கும் அதைக் கழற்றி வைக்கும் ஒழுங்கும் மட்டுமே.

வாவியைத் தாண்டி ஒரு பிரதி

கழற்றி வைத்த டிஸ்க்கை எங்கே வைப்பது? பெரும்பாலானோர் கடை லாச்சியில் வைப்பார்கள், கொஞ்சம் கவனமானவர்கள் வீட்டு அலுமாரியில். பெரியகல்லாற்றில் கடையும் வீடும் ஒரே மணல் மேல்தான் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது இந்தக் கரையில் வீடு வேறு, கடை வேறு என்று பார்க்கவில்லை. மனிதர்களை இழந்த துக்கத்தின் நடுவே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி என்று எல்லாக் காகிதத்துக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் இந்த ஊரிலேயே எத்தனை பேர்! காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிவது உள்ளிட்ட விடயங்களுக்கு 2005இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

பேக்கப்பில் பரவலாகச் சொல்லப்படும் ‘3-2-1’ விதி அமெரிக்க ஒளிப்படக்காரர் பீட்டர் குரோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். ஒளிப்படக்காரர் சொன்ன விதி என்பதால் நம்மூர் ஸ்டூடியோக்காரர்களுக்கு அது தொழில் உறவு. இந்த விதியின் கடைசி ஒன்றை எழுவான்கரையில் இருப்பவர் படித்தால், ‘வேறிடம்’ என்பது அடுத்த வீதி அல்ல. வாவிக்கு அப்பால், படுவான்கரையில் வெள்ளம் ஏறாத மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீடு. அல்லது கண்டி. அல்லது டொரொன்டோவில் இருக்கும் அண்ணன். ஊருக்கு வந்து திரும்பும்போது கருவாட்டோடும் மிளகாய்த்தூளோடும் ஒரு டிஸ்க் போவதில் பாரம் ஒன்றும் இல்லை.

நூல்களில் இந்த அறிவு நம்மவர்களுக்குப் பழையது. மட்டக்களப்பு மான்மியம் எஃப். எக்ஸ். சி. நடராசாவால் பதிப்பிக்கப்பட்டு 1962இல் அச்சேறியது, ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிப் பல வீடுகளில் வைத்திருந்தார்கள் என்பதால். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் போயின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம் இன்று ஒரு இலட்சத்துக்கும் அதிகமான ஆவணங்களை வைத்திருக்கிறது என்றால் அந்த நெருப்பின் நினைவும் அதற்கு ஒரு காரணம்.

பிரதி இருந்தும் பயனில்லாமற்போன இடமும் ஒன்று உண்டு. அழியும் நிலையிலுள்ள சுவடிகளை உலகெங்கும் மின்படமாக்க உதவும் திட்டம் ஒன்றை பிரிட்டிஷ் நூலகம் நடத்துகிறது. யாழ்ப்பாணத்து ஓலைச்சுவடிகளும் அதில் படமாகியுள்ளன. 2023 ஒக்டோபர் 28 அன்று அந்த நூலகத்தை ‘ரைசிடா’ என்ற கும்பல் தாக்கியது. சுமார் 600 கிகாபைட் திருடப்பட்டு வெளியே கொட்டப்பட்டது. மின்னணுத் தொகுப்புகளின் பத்திரமான பிரதிகள் நூலகத்திடம் இருந்தன. ஆனால் அவற்றைத் திரும்ப இறக்கி வைக்கச் சேர்வர்கள் இல்லை. அழிந்தவை அவைதான், பல மென்பொருள்கள் புதிய இயந்திரத்தில் ஓடாத அளவுக்குப் பழையவை. 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் நூலகமே இதை ஒளிக்காமல் எழுதியது. மாதக்கணக்கில் அந்தச் சுவடித் தளம் திறக்கவில்லை. பெட்டி இருந்தது, இறக்க இடமில்லை. டிஸ்க்கை டொரொன்டோவுக்கு அனுப்புகிறவர், கடை மூழ்கினால் அடுத்த வாரம் எந்தக் கணினியில் அல்பம் செய்வேன் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: 858 டெராபைட்

2025 செப்டெம்பர் 26, தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. யூபிஎஸ் மின்கலங்களை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. 647 அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் ஆவணங்களைச் சேமிக்கும் ‘ஜி-டிரைவ்’ முழுதாக எரிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே பேக்கப் எடுக்க முடியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். 858 டெராபைட்டும் போயிற்று. இணைய வசதியில் உலகத்துக்கே பாடம் எடுக்கும் நாடு அது.

திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா?

2017 ஜனவரி 31, மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களை வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனம். இரவு வேலையில் களைத்திருந்த பொறியியலாளர் ஒருவர் தவறான சேர்வரில் அழிக்கும் கட்டளையைத் தட்டினார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 கிகாபைட்டில் நாலரை கிகாபைட்தான் மிஞ்சியது. பரவாயில்லை, அவர்களிடம் ஐந்து வகைப் பேக்கப் ஏற்பாடு இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஐந்தில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. ஒன்று பதிப்புக் கோளாறால் வெறுங் கோப்பையே எழுதிக்கொண்டிருந்தது. “பேக்கப் தோல்வி” என்று அது அனுப்பிய எச்சரிக்கை மடல்களோ, அனுப்புநர் சரியில்லை என்று திருப்பி விடப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த பிரதி ஒன்று கிடந்ததால் தப்பினார்கள். மீட்பு வேலையை யூடியூப்பில் நேரலையாகவே காட்டிய துணிச்சலையும் சொல்ல வேண்டும்.

இங்கேயும் அதே நிலைதான். டிஸ்க் இருக்கிறது, அதில் ஃபோல்டர் இருக்கிறது, திறந்தால் படம் வருமா என்று பார்த்தவர் குறைவு. உப்புக் காற்றில் ஒரு வருடம் லாச்சியில் கிடந்த டிஸ்க் சுழலுமா என்றுகூடத் தெரியாது. மாதத்தில் ஒரு நாள், பழைய கல்யாணம் ஒன்றை எழுந்தமானமாகத் தெரிந்து, பேக்கப்பிலிருந்து வேறு கணினிக்கு இறக்கி, வீடியோவைக் கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஓடினால் போதாது. பழுது நடுவிலும் இருக்கலாம்.

மூன்று கணினி உள்ள கடைக்கு எனக்குச் சரியென்று படும் ஏற்பாடு இது. பழைய கணினி ஒன்றைப் பேக்கப்புக்கு மட்டும் ஒதுக்கி அதில் இலவச லினக்ஸ் போடலாம். மற்றக் கணினிகள் அதற்குள் எழுதக் கூடாது. அதுதான் இரவில் போய் அவற்றிடமிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். திசை முக்கியம். முன் மேசைக் கணினிக்குள் ரான்சம்வேர் வந்தாலும், பேக்கப் கணினியின் பாஸ்வேர்டு அங்கே இல்லை என்பதால் அதன் கை நீளாது. ஆர்சிங்க்கில் ஒவ்வொரு நாளுக்கும் தனி ஃபோல்டர் வைத்து, மாறாத கோப்புகளை நேற்றைய பிரதியோடு இணைத்துவிட ஒரு தெரிவு உண்டு. முப்பது நாள் வைத்தாலும் புதிதாக வந்ததற்கும் மாறியதற்கும் மட்டுமே இடம் பிடிக்கும். அதற்கு மேல் இரண்டு யூஎஸ்பி டிஸ்க்குகள், வாரம் மாறி வாரம். ஒன்று எழுதப்படும்போது மற்றது ஊருக்கு வெளியே.

வெளியே போகும் டிஸ்க்கில் பூட்டு வேண்டும். அதில் இருப்பது ஊர்ப் பெண்களின் சாமத்திய வீட்டுப் படங்கள், கடவுச்சீட்டுக்கு எடுத்த முகங்கள், ஸ்கேன் செய்யக் கொடுத்த அடையாள அட்டைகள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் 2022இல் நிறைவேறியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஒரு படம் வெளியே போனால் இந்த ஊரில் அந்த ஸ்டூடியோவின் கதவு பிறகு திறக்காது. விண்டோஸின் பிட்லொக்கரோ இலவசமாகக் கிடைக்கும் வேராகிரிப்டோ போதும். பூட்டினால் பிறகு வரும் தொல்லை சாவி. கடைக்காரர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார், தம்பி கடையைப் பார்க்கிறார், டிஸ்க் கேட்கும் பாஸ்வேர்டு டோஹாவில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்றால் அந்த டிஸ்க்கும் எரிந்த டிஸ்க்கும் ஒன்றுதான். அதைக் காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, காணி உறுதி இருக்கும் இடத்தில் வைத்து, வீட்டில் இருவருக்காவது சொல்லிவிட்டு விமானம் ஏறுங்கள். டிஸ்க்கும் அந்த உறையும் ஒரே அலுமாரியில் இருக்கக் கூடாது.